வானத்தை மட்டும் ஏன் மூடவில்லை?

பனிப்போர் என்றதும் பெரும்பாலானவர்களுக்குக் கியூபா ஏவுகணை நெருக்கடிதான் நினைவுக்கு வரும். எனக்கோ அதற்குப் பதினான்கு வருடம் முன்னால் நடந்த பெர்லின் முற்றுகைதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1948 ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்குப் போகிற சாலை, ரயில், கால்வாய் மூன்றையும் சோவியத் ராணுவம் அடைத்தது. வானத்தை அடைக்கவில்லை. ஏன் என்று தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், அந்த ஆரம்ப வருடங்களில் இரண்டு தரப்பும் எதற்குப் பயந்தார்கள், எதுவரை போகத் துணிந்தார்கள் என்பது எனக்குப் பிடிபட்டது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1945இல் போரில் தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளும் ஆளுக்கொரு மண்டலமாகப் பிரித்துக்கொண்டபோது, பெர்லின் சோவியத் மண்டலத்துக்கு உள்ளே, சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நகரத்தையும் நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் மேற்கத்திய நாடுகள் தங்கள் பகுதிக்குத் தரைவழியாகப் போய்வருவதற்கு முறையான ஒப்பந்தம் எதுவும் எழுதி வாங்கவில்லை, வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டார்கள். வான்வழி விஷயம் அப்படி இல்லை. ஒரே வானத்தில் நான்கு நாட்டு விமானங்கள் பறந்தால் மோதிக்கொள்ளும் என்பதால், 1945 நவம்பர் 30 அன்று ஜெர்மனியைச் சேர்ந்து நிர்வகிக்க இந்த நான்கு நாடுகளும் அமைத்திருந்த நேச நாடுகளின் கட்டுப்பாட்டு மன்றம் 32 கிலோமீட்டர் அகலத்தில் மூன்று வான்பாதைகளை எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டது. அவற்றைக் கண்காணிக்க நான்கு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து உட்காரும் வான் பாதுகாப்பு மையம் ஒன்றையும் அமைத்தார்கள். விபத்தைத் தவிர்க்க எழுதிய காகிதம் அது. பின்னால் ஒரு நகரமே அதை நம்பி உயிர்வாழப் போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

முற்றுகைக்கு உடனடிக் காரணம் பணம். மேற்கு மண்டலங்களில் ஜூன் 20 அன்று டாய்ச் மார்க் என்ற புது நாணயம் வந்தது, சில நாட்களில் மேற்கு பெர்லினுக்கும் வந்துவிட்டது. ஐரோப்பாவை மீட்டெடுக்க அமெரிக்கா பணம் கொடுத்த மார்ஷல் திட்டம், புது நாணயம், அடுத்து ஒரு மேற்கு ஜெர்மனி என்று விஷயம் போவது ஸ்டாலினுக்குப் புரிந்தது. ஜெர்மனி தொடுத்த போரில் இரண்டரைக் கோடிக்கும் மேல் மக்களைப் பறிகொடுத்த நாடு சோவியத் ஒன்றியம், ஜெர்மனி மறுபடி எழுந்து நிற்பதைப் பார்த்து அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக இருபது லட்சம் பேருக்குச் சாப்பாட்டையும் நிலக்கரியையும் நிறுத்துவதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

அமெரிக்க ராணுவ ஆளுநர் லூசியஸ் கிளே, ஆயுதம் தாங்கிய வாகன வரிசையை அனுப்பி சாலையைத் திறந்துவிடலாம் என்றார். வாஷிங்டன் ஒப்புக்கொள்ளவில்லை, ஒரு பாலத்தில் யாராவது முதல் குண்டைச் சுட்டுவிட்டால் அப்புறம் எங்கே போய் நிற்கும் என்ற பயம். பெர்லினை விட்டு வெளியேறவும் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தயாராக இல்லை. மிச்சம் இருந்தது அந்த மூன்று வான்பாதைகள்தான்.

கணக்குப் பார்த்தால் நடக்கவே நடக்காத காரியம். நகரத்துக்குச் சாப்பாடு, நிலக்கரி எல்லாம் சேர்த்துத் தினமும் குறைந்தது 4,500 டன் சரக்கு வேண்டும். ஜூன் 26 அன்று அமெரிக்க விமானங்கள் கொண்டுவந்து சேர்த்தது 80 டன். அப்போது இருந்த சி-47 விமானம் ஒரு தடவைக்கு மூன்று டன் போலத்தான் தூக்கும். பத்து டன் தூக்கும் சி-54 விமானங்களை உலகம் முழுவதிலிருந்தும் வரவழைத்தார்கள். ஜூலை கடைசியில் இந்த விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பேற்ற அமெரிக்கத் தளபதி வில்லியம் டன்னர் சாகசத்தை வெறுத்தவர், எல்லாம் கடிகாரம் மாதிரி ஓட வேண்டும் என்பார். மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம். இறங்கும் முயற்சி ஒரு தடவை தவறினால் வட்டமடிக்கக் கூடாது, சரக்கோடு அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும். சரக்கு இறங்கும்வரை விமானி விமானத்தை விட்டு நகரக் கூடாது, சிற்றுண்டி வண்டி அவரைத் தேடி வரும்.

கொண்டுவந்ததில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. மூட்டை மூட்டையாக விமானத்தில் நிலக்கரி! உப்பு விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும் என்பதால், கடல்நீரைத் தாங்கும்படி கட்டிய சண்டர்லாண்ட் நீர்விமானங்களில் பிரிட்டன்காரர்கள் அதைக் கொண்டுவந்து ஹாவெல் ஏரியில் இறக்கினார்கள். விமான நிலையம் போதவில்லை என்று மேற்கு பெர்லினின் டெகல் பகுதியில் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள், அதுவும் மூன்றே மாதத்தில். ஆயிரக்கணக்கான பெர்லின் மக்கள், அதில் நிறைய பெண்கள், குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் செங்கல்லைச் சுமந்துவந்து ஓடுபாதைக்கு அடித்தளம் போட்டார்கள். மூன்று வருடம் முன்னால் அவர்கள் தலைமேல் குண்டு போட்ட அதே நாடுகளின் விமானங்கள் இறங்குவதற்காக.

சரி, சோவியத் தரப்பு ஏன் தடுக்கவில்லை? தொந்தரவு கொடுத்தார்கள். போர்விமானங்கள் பக்கத்தில் உரசுவதுபோல் பறந்தன, இரவில் விமானிகளின் கண்ணில் தேடுவிளக்கை அடித்தார்கள். ஆனால் ஒரு சரக்கு விமானத்தைக்கூடச் சுட்டு வீழ்த்தவில்லை. தரைவழியை அடைத்தபோது சாலை பழுது, ரயிலில் தொழில்நுட்பக் கோளாறு என்று சாக்குச் சொல்ல முடிந்தது. வானத்தை அடைக்க வேண்டுமென்றால் சுட்டே ஆக வேண்டும், அதுவும் தாங்களே கையெழுத்திட்ட பாதையில். அந்த நேரத்தில் அணுகுண்டு அமெரிக்காவிடம் மட்டும்தான் இருந்தது. ஜூலையில் பி-29 குண்டுவீச்சு விமானங்களைப் பிரிட்டனுக்கு அனுப்பி அதை நினைவூட்டவும் செய்தார்கள். அந்த விமானங்களில் அணுகுண்டைத் தூக்கும் வசதியே இல்லை என்பது வேறு கதை. என் கணிப்பு, இரண்டு பேருமே எதிரியை மிரட்டிக்கொண்டே, அவன் முதலில் சுட்டுவிடாமல் இருக்கவும் வழி விட்டு வைத்தார்கள்.

இதில் என்னை மிகவும் பாதித்த இடம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு மன்றம் கூடிய பெர்லின் கட்டடத்திலிருந்து சோவியத் ஆளுநர் சொகலோவ்ஸ்கி 1948 மார்ச்சில் எழுந்து வெளியேறினார், மன்றம் அத்தோடு செத்துப்போனது. ஆனால் அதே கட்டடத்தில்தான் வான் பாதுகாப்பு மையமும் இருந்தது, அங்கிருந்த சோவியத் அதிகாரிகள் எழுந்து போகவில்லை. வெளியே முற்றுகை நடக்கும்போது, உள்ளே அந்த முற்றுகையை உடைக்கும் விமானங்களின் விவரங்களை அவர்களும் சேர்ந்துதான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

1949 மே 12 அன்று முற்றுகை விலகியது. சேமிப்புக்காக விமானங்கள் செப்டம்பர் 30 வரை பறந்தன. மொத்தம் சுமார் 2,77,000 நடைகள், 23 லட்சம் டன், விபத்துகளில் 101 உயிர்கள். கடைசி நடைக்கு ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 23 அன்று, சோவியத் ஒன்றியமும் அணுகுண்டை வெடித்துவிட்டது என்று ட்ரூமன் உலகத்துக்கு அறிவித்தார். ஜெர்மனி இரண்டு நாடானது, 1961இல் சுவர் வந்தது, போனது. அந்த மையத்தில் மட்டும் 1990 கடைசிவரை நான்கு நாட்டு அதிகாரிகளும் இரவும் பகலும் முறைபோட்டு உட்கார்ந்திருந்தார்கள்.