அரை மார்க்

காபியை ருசித்து நான் போட்ட மார்க் 79.5. ஸ்பெஷாலிட்டி, அதாவது உயர்தரக் காபி, என்று சொல்லி விற்க 100க்கு 80 வேண்டும். அந்த அரை மார்க்கால், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் காபி விளைவிக்கும் பெரியவர் ஒருவரின் மூட்டைகள், கொட்டை வறுத்து விற்கும் எங்கள் ரோஸ்டரியில் சாதாரணக் காபிக் கணக்கில் போய்விட்டன. முதலாளி விலை போட்டது என் தாளைப் பார்த்துத்தான்.

பெரியவர் தாளைப் பார்க்கவில்லை. "குடிக்க நல்லா இருக்குதா, இல்லையா? அதைச் சொல்லு தம்பி" என்றார்.

"நல்லா இருக்குதுங்க ஐயா."

"அப்புறம் எதுக்கு விலை குறையுது?"

சாக்கு வாடை என்றேன். பொய்யில்லை. 8.25 கிராம் தூளில் 150 மில்லி வெந்நீர் ஊற்றி, நாலு நிமிஷம் விட்டு, மேலே கட்டிய நுரையைக் கரண்டியால் விலக்கியபோது நல்ல வெல்ல வாசம் வந்தது. ஆறிய பிறகு உறிஞ்சினால்தான் நாக்கின் ஓரத்தில் நனைந்த சணல். எல்லாக் கப்பிலும் அதே. காரணமும் தெரிந்ததுதான். மலையில் பழம் பறிக்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். தோல் நீக்கிக் கழுவிய கொட்டை நாள்கணக்கில் வெயிலில் காய வேண்டும். சரியாகக் காயாத கொட்டையில்தான் இந்த வாடை ஏறும். வெயிலே இல்லையென்றால் அவர் என்ன செய்வார்?

மார்க் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரக்கப்பட்டு 80 போட்டால், தூறலுக்குத் தூறல் ஓடி ஓடித் தார்ப்பாய் மூடிக் காயவைத்த பக்கத்துக் காட்டுக்காரருக்கு என்ன மரியாதை? ஆனால் காலையில் ருசித்ததையே சாயங்காலம் ருசித்தால் அரை மார்க் முன்னே பின்னே வரும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. சந்தேகம் என்று வந்தால் அது ஏன் எப்போதும் விளைவித்தவர் தலையிலேயே விடிகிறது?

அந்தக் கொட்டையைச் சிக்கரி கலந்து பில்டர் தூளாக விற்றோம். காட்பாடியில் வாங்கியவர்கள் மறுபடியும் அதையே கேட்டு வந்தார்கள்.

இந்த வருஷம் அவர் வீட்டு வாசலில் மூங்கில் தட்டி உயர்த்திக் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போடுகிறோம். செலவில் பாதி முதலாளியுடையது.

"இப்படிக் காயவைச்சா எண்பது வருமா?" என்று கேட்டார் பெரியவர்.

வரும் என்று சொல்ல வாய் வரவில்லை. ருசித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன்.

"ருசி பாக்கறதும் நீதானே?"

அடுத்த முறை வெளியாள் ஒருவரும் ருசித்து மார்க் போடட்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.