வயலினும் றொக்கும்

நேற்றுப் பின்னேரம் டச்பே கடற்கரையில இருந்து ‘எலினோர் றிக்பி’யைத் திரும்பத் திரும்பக் கேட்டன். 1966இல வந்த, பீட்டில்ஸ் எண்ட இங்கிலாந்து றொக் குழுவின்ர பாட்டு. கிற்றாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. நாலு வயலின், வயலினை விடக் கொஞ்சம் பெரிய வியோலா ரெண்டு, இன்னும் பெரிய செலோ ரெண்டு. அவ்வளவுதான்! பீட்டில்ஸ்காரர் ஒருத்தரும் அதில வாத்தியம் தொடேல்லை, பாடினது மட்டும்தான்.

வில்லை நீட்டி இழுக்காமல் வெட்டி வெட்டி வாசிக்கிற மாதிரி எழுதிக் குடுத்தவர் அவையின்ர தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின். மைக்கைக் கம்பிக்குக் கிட்டவே வச்சுப் பதிஞ்சதால, வில் உரசுற சத்தமே தாளமாகுது. அதுக்கு முந்தின வருசம் வந்த அவையின்ர ‘யெஸ்டர்டே’யில நாலு பேர் வாசிச்சது தாலாட்டு மாதிரி. இது நெஞ்சில குத்துது.

தங்கச்சி கர்நாடக வயலின் பழகுறாள். “எங்கட பாண்டுக்கும் வாசியன்” எண்டு கேட்டன். ஞாயிற்றுக்கிழமை பெடியள் கிற்றாரோட வீட்ட வருகினம்.