நல்ல கள்ளனின் கால்கள்

பெரிய வெள்ளி தியானங்களில் நல்ல கள்ளன் கட்டாயம் வருவான், இயேசுவின் இருபுறமும் சிலுவையில் அறையப்பட்ட இரண்டு குற்றவாளிகளில் மனந்திரும்பியவன். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சொன்னதும் அவன் கதை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். லூக்கா 23 அங்கேதான் அவனை விடுகிறது. ஆனால் யோவான் 19-ஐயும் சேர்த்து வாசித்தால் கொஞ்சம் உதறும். ஓய்வுநாளுக்கு முன் உடல்களை இறக்க வேண்டும் என்பதற்காக வீரர்கள் வந்து இருவருடைய கால்களையும் முறிக்கிறார்கள். சீக்கிரம் சாகட்டும் என்றுதான். மன்னிப்பு பெற்றவனுக்கும் அதேதான்.

மன்னிப்பு அவனைச் சிலுவையிலிருந்து இறக்கவில்லை. தான் அனுபவிப்பது செய்ததற்குத் தக்க பலன் என்று அவனே ஒத்துக்கொள்கிறான். இறக்கிவிடும்படி அவன் கேட்கவும் இல்லை, "அடியேனை நினைத்தருளும்" என்கிறான், அவ்வளவுதான். எங்களையும் இரட்சித்துக்கொள் என்று கேட்டவன் இன்னொருவன்!

"பாவத்தின் சம்பளம் மரணம்" என்று ரோமர் 6:23 சொல்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் படைவீரனின் கூலியைக் குறிப்பது. உழைத்தவனுக்குச் சேரவேண்டியது. அதே வசனத்தில் நித்தியஜீவனுக்கு மட்டும் சம்பளம் என்ற சொல் இல்லை, கிருபைவரம் என்றுதான் இருக்கிறது.

சரி, அப்படியானால் நடுவில் தொங்கியவர்? அவர் ஈட்டாத கூலியை வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் வந்தபோது ஏற்கெனவே மரித்திருந்ததால் கால்களை முறிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நல்ல கள்ளன் கால்கள் முறிக்கப்பட்ட பிறகும் உயிரோடு இருந்தானா, எவ்வளவு நேரம் என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. எனக்கு அந்த நேரத்தின் மேல்தான் கண்.