கொடையாளருக்கு 78 வயது

கல்லீரல் கிடைத்திருக்கிறது என்று குடும்பத்தாரிடம் சொல்லும்போது முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வரியிலேயே கொடையாளருக்கு 78 வயது என்று சொல்ல வேண்டியிருந்தால், அந்த முகம் வாடுவதையும் பார்த்திருக்கிறேன். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலையில் எனக்கு மிகவும் கனமான நிமிடம் அதுதான்.

"எங்கப்பாவுக்கே 55 தானே மேடம். அவரைவிட வயசான ஈரலை வெச்சு எத்தனை நாள் ஓடும்?" என்று ஒரு மகள் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அவசரமில்லாமல், முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இதயம், சிறுநீரகம் அளவுக்குக் கல்லீரலை முதுமை தளர்த்துவதில்லை. கொஞ்சம் சுருங்கும், நிறம் கருக்கும், ரத்த ஓட்டம் குறையும். ஆனாலும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திறன் பெருமளவு மிஞ்சியிருக்கும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 80 வயதைக் கடந்தவர்களின் கல்லீரலைப் பல ஆண்டுகளாகவே பொருத்தி வருகிறார்கள். கொடையாளரிடம் இருந்த வயதையும் பெற்றவருக்குள் உழைத்த ஆண்டுகளையும் கூட்டினால் 100ஐத் தாண்டிய கல்லீரல்கள் அமெரிக்காவில் 25 இருந்ததாக 2022இல் ஓர் ஆய்வு எடுத்துச் சொன்னது. இதைச் சொன்னதும் அந்த மகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் பாதியை மட்டும் சொல்லி நிறுத்தக்கூடாது. வயது கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது, அது உண்மை. கொடையாளரிடமிருந்து எடுத்த பிறகு, வயதான கல்லீரல் ஐஸில் நெடுநேரம் இருப்பதைத் தாங்காது. அதனால் 8 மணி நேரத்துக்குள் பொருத்திவிடவே பார்ப்போம். பித்தநாளம் பிற்பாடு சுருங்கலாம், ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருக்கலாம். ஹெபடைடிஸ் சி என்ற வைரஸால் கல்லீரல் கெட்டவர்களுக்கு ஒரு காலத்தில் கொடையாளரின் வயது பெரிய தடையாகவே இருந்தது. வைரஸ் திரும்பி வந்து, வயதான கல்லீரலை இன்னும் வேகமாகத் தழும்பாக்கிவிடும். 2013க்குப் பிறகு வந்த மாத்திரைகள் அந்தப் பயத்தைப் பெரிதும் போக்கிவிட்டன.

உண்மையில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது உறுப்பை எடுக்கப் போன சர்ஜனின் போனுக்காகத்தான். அவர் கல்லீரலின் ஓரத்தை விரலால் மெல்ல மடக்கிப் பார்ப்பார். ஓரம் கூர்மையாக, மென்மையாக இருந்தால் நல்லது. மழுங்கி, மஞ்சள் தட்டினால் கொழுப்பு. சந்தேகம் வந்தால் சின்னத் துண்டு ஒன்று நடுராத்திரியானாலும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் பேதாலஜிஸ்ட்டிடம் போகும். பெரிய கொழுப்புத் துளிகள் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால், வயதான கொடையாளரின் உறுப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுவோம். கொழுப்பு மண்டிய 45 வயதுக் கல்லீரலைவிட, சுத்தமான 78 வயதுக் கல்லீரல் எனக்கு நம்பிக்கை தருகிறது.

யாருக்குப் பொருத்துகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். வென்டிலேட்டரில் கிடப்பவருக்கோ, இரண்டாம் முறை மாற்று தேவைப்படுபவருக்கோ இதைக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள். அந்த அப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுக்கட்டி. உடம்பு திடமாக இருந்தது. ஆனால் கட்டி வளர்ந்தால் மாற்றுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். "வேண்டாம்னு சொன்னா அடுத்தது எப்போ வரும்?" என்றார் மகள். எனக்குத் தேதி சொல்ல முடியவில்லை. அப்பாதான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சில மாதம் கழித்துப் பித்தநாளம் சுருங்கியது, ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

எனக்கு இன்றும் மனம் ஆறாதது வேறொன்று. சில ஐசியுக்களில் மூளைச்சாவு அடைந்தவருக்கு 80 வயது என்றதும் எங்களுக்கு போன்கூடச் செய்வதில்லை. அம்மா இருந்தவரை உறுப்புதானம் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், எங்களை யாருமே கேட்கவில்லை என்று பிறகு ஒரு மகன் என்னிடம் வருந்தினார். ஐசியு டாக்டர்களே, கேஸ்ஷீட்டில் வயதைப் பார்த்து நீங்களே முடிவெடுக்காதீர்கள். ஒரு போன் போதும். அந்த ஈரல் தகுமா தகாதா என்பதை நாங்கள் வந்து பார்த்துச் சொல்கிறோம்.