மருத்துவமனை நிர்வாகம் படிக்க நான் தேர்ந்தெடுத்த வழி

தென்காசியில் பி.காம் முடித்தேன். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. வீடு சாட்ஸ்வர்த்தில். ஆறு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். நோயாளியின் ஃபைலைப் பார்த்து, ஐசிடி-10 என்கிற நோய்க் குறியீடுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, மெடிக்கல் எய்டுக்கு, அதாவது நோயாளியின் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு, கிளெய்ம் அனுப்ப வேண்டும். ஒரு குறியீடு விட்டுப்போனாலும் கிளெய்ம் திரும்பி வந்துவிடும். கடைசியில் அந்தப் பில் நோயாளியின் வீட்டுக்குப் போகும். இதைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் நிர்வாகம் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது.

எதைப் படிப்பது என்பதில்தான் குழப்பம். ஆபீசில் எல்லோரும் எம்பிஏ என்றார்கள். நர்சாக இருக்கும் மதினி, பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, அதாவது எம்பிஎச் படி என்றார். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் அமெரிக்க எம்எச்ஏ, அதாவது சுகாதார நிர்வாக முதுகலைப் படிப்பை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம் என்று லிங்க் மேல் லிங்க் அனுப்பினான்.

ஒரு மாதம் பாடத்திட்டங்களையே படித்துக்கொண்டிருந்தேன். அது தவறு. முதலில் பார்க்க வேண்டியது, நம் ஊர்ப் பட்டம் இந்த நாட்டில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான். தென்னாப்பிரிக்காவில் கல்வித் தகுதிகளைப் பத்துப் படிகளாக வைத்திருக்கிறார்கள். சாதாரண இளங்கலை 7, ஹானர்ஸும் முதுநிலை டிப்ளமாவும் 8, முதுகலை 9, முனைவர் பட்டம் 10. வெளிநாட்டுப் பட்டத்தை சாக்வா என்கிற தகுதிகள் ஆணையம் மதிப்பிட்டுச் சான்று கொடுக்கும். என் மூன்று வருட பி.காமுக்கு 7 என்று வந்தது. எம்பிஏ, எம்பிஎச் இரண்டும் 9. உள்ளே போக 8 வேண்டும். இரண்டில் எது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் இரண்டுக்குமே நேராகப் போக வழியில்லை. வேலை அனுபவத்தைக் காட்டி இடம் கேட்கும் வழி ஒன்று உண்டு. அதை நம்பி உட்கார எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சான்று வாங்கியதும் லேசில் நடக்கவில்லை. பட்டம் உண்மையா என்று சாக்வா கேட்டால் நாம் படித்த பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் பதிலே இல்லை. கடைசியில் அப்பா என் மார்க் ஷீட் நகல்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய், இரண்டு நாள் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்து வேலையை முடித்தார். எழுபது வயதில். இதைப் படிக்கிறவர்கள் படிப்பைத் தேடுவதற்கு முன்னாலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள், பிள்ளைகளே.

நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. பன்னிரண்டு மாதத்தில் மருத்துவ நிர்வாக முதுகலை, முழுவதும் ஆன்லைன், தவணையில் கட்டலாம். இங்கே பதிவான ஒவ்வொரு படிப்புக்கும் சாக்வா எண் ஒன்று இருக்கும், அவர்கள் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அந்த எண்ணைக் கேட்டேன். போனில் பேசியவர் மூன்று தடவையும் கட்டணத் தள்ளுபடியைப் பற்றியே பேசினார். எண் கடைசி வரை வரவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

அண்ணன் சொன்ன எம்எச்ஏவையும் சும்மா தள்ளிவிடவில்லை. அங்கே கேமி என்கிற அமைப்பு இந்தப் படிப்புகளுக்கென்றே அங்கீகாரம் கொடுக்கிறது. பல்கலைக்கழகம் பெரிய பெயராக இருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அது இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு அருமையான படிப்பு. ஆனால் பாடங்களில் அந்த நாட்டு அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களான மெடிகேரும் மெடிகெயிடும்தான் நிறைய. இங்கே அரசு மருத்துவமனையில் ஒரு செலவு செய்ய வேண்டுமானால் 1999ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். டாலரில் கட்டணம் கட்டி, வேறொரு நாட்டின் விதிகளை நான் எதற்குப் படிக்க வேண்டும்?

என் முடிவை மாற்றியது ஆயாதான், என் கணவரின் பாட்டி. ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதாமாதம் அரசு மருத்துவமனைக்குப் போவார். விடியற்காலை ஐந்து மணிக்கு டாக்ஸி பிடித்தால் மதியம் இரண்டுக்குத்தான் வீடு. சில நாள் ஃபைல் கிடைக்கவில்லை என்று சொல்லிப் புது ஃபைல் போடுவார்கள். "காலு மரத்துப் போச்சு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். அப்புறம் ஒரு நாள் டாக்டர் அவரை சிசிஎம்டிடி திட்டத்தில் சேர்த்தார். 2014இல் வந்த திட்டம். உடல்நிலை சீராக இருக்கும் நாள்பட்ட நோயாளிகளின் மாத்திரைகளைத் தனியாகப் பொட்டலம் கட்டி, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மருந்துக் கடைக்கே அனுப்பிவிடுகிறார்கள். இப்போது ஆயா குறித்த நாளில் நடந்து போய் வாங்கிவிட்டுப் பத்து மணிக்குள் வந்து சமையல்கட்டில் நிற்கிறார். இதற்காக ஒரு டாக்டரைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை. யாரோ உட்கார்ந்து, இத்தனை பேர் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று யோசித்திருக்கிறார்கள். எனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்று அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதற்கப்புறம், எனக்குத் தேவைப்பட்ட 8ஆம் படிக்கான இரண்டு முதுநிலை டிப்ளமாக்களின் பாடப் பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வணிகப் பக்கத்தில் கணக்கியல், சந்தைப்படுத்தல், வியூகம். சுகாதாரப் பக்கத்தில் நோய்ப்பரவல் இயல், சுகாதாரப் பொருளாதாரம், சுகாதார அமைப்புகள். கணக்கு எனக்கு ஏற்கெனவே வரும். வராததைப் படிப்போம் என்று இரண்டாவதை எடுத்தேன். 2024 மே மாதம் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் கையெழுத்தானது. அது எப்படிப் போனாலும், ஒரு சிகிச்சைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அரசு பக்கமும் வேண்டும், தனியார் பக்கமும் வேண்டும்.

நேரக் கணக்கும் போட்டேன். இங்கே ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. டிப்ளமாவுக்கு 120 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம். வேலையோடு இரண்டு வருடத்துக்கு நீட்டினால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வருகிறது. ஞாயிறு முழுதும், வாரநாளில் இரண்டு ராத்திரியும். அத்தையிடமும் கணவரிடமும் இந்தக் கணக்கைக் காட்டித்தான் சரி வாங்கினேன். ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள விட்ஸ் பல்கலைக்கழகம் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். சும்மா சும்மா போய்வர முடியாது. அதனால் தொலைநிலையில் நடத்தும் இடங்களை மட்டும் பார்த்தேன்.

விண்ணப்பக் கடிதத்தில் "சிறு வயது முதலே சேவை மனப்பான்மை" என்று ஆரம்பித்திருந்தேன். மதினி படித்துவிட்டு அந்தப் பத்தியையே அடித்தார். "நீ கண்ணால் பார்த்ததை எழுது" என்றார். சரி என்று, திரும்பி வந்த கிளெய்ம்களைப் பற்றி எழுதினேன். எலும்பு முறிவுக்கு, காயத்தைக் குறிக்கும் எஸ் வரிசைக் குறியீடு மட்டும் போட்டிருப்பார்கள். எப்படி அடிபட்டது, விழுந்ததா, வண்டி மோதியதா என்பதற்கான குறியீடு இருக்காது. அது இல்லாமல் இங்கே கிளெய்ம் போகாது. ஒரு மாதம் எண்ணிப் பார்த்து, பெரும்பாலும் அவசரப் பிரிவிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்து, அடிக்கடி தேவைப்படும் எட்டுக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி அங்கே மேசையில் ஒட்டினேன். அடுத்த மாதம் திரும்பி வந்தவை பாதிக்கும் கீழே போயின. இரண்டு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் இதுதான். இடம் கிடைத்தது.

முதல் அசைன்மென்ட், ஒரு நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து மருந்தோடு வெளியே வரும் வரையான வழியைப் படமாக வரைவது. ஆயாவை உட்கார வைத்துக் கேட்டேன். வாசல், பதிவு, ஃபைல், பிரஷர் பார்க்குமிடம், டாக்டர், மருந்து என்று ஆறு கட்டம் போட்டேன். ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, டாக்டருக்கும் மருந்துக்கும் நடுவில் விரலை வைத்தார். அங்கே இன்னொரு கட்டம் போடச் சொன்னார். பெஞ்சு இல்லாத நீள நடை அது, சுவரைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும் என்றார்.