அது நம்ம வேலை இல்லை

நேற்று ராத்திரி நிர்வாகவியல் ஆய்வாளர்கள் ஜேன் டட்டன், ஜேனட் டூகரிச் இருவரும் 1991-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மறுபடி படித்தேன். தூக்கம் போய்விட்டது.

கட்டுரை பேசுவது அமெரிக்காவின் நியூயார்க் - நியூஜெர்சி துறைமுக ஆணையத்தைப் பற்றி. பெயரில் இருப்பது துறைமுகம் மட்டும்தான்; ஆனால் விமான நிலையங்கள், பாலங்கள், மன்ஹாட்டனில் உள்ள பெரிய பஸ் டெர்மினல் எல்லாமே அதன் கையில். 1980-களில் வீடில்லாத மனிதர்கள் அந்த டெர்மினலில் தங்க ஆரம்பித்தார்கள். நிர்வாகம் முதலில் அதைப் போலீஸ் பிரச்சினையாகத்தான் பார்த்தது. நாங்கள் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள், சமூக சேவை எங்கள் தொழில் இல்லை என்பது அங்கே ஊறிப்போன எண்ணம். சில வருஷத்தில் அதே ஆணையம் அவர்களுக்கான உதவி மையங்களுக்குப் பணம் செலவழித்தது. காரணம் சட்டமோ லாபமோ மட்டும் இல்லை. தங்களைப் பற்றி ஊழியர்கள் வைத்திருந்த நல்ல எண்ணமும், ஊர் தங்களை எப்படிப் பார்க்கிறது என்று அவர்கள் நினைத்ததும் மோதின. அந்த உறுத்தல்தான் அவர்களை அசைத்தது என்கிறார்கள் டட்டனும் டூகரிச்சும். எனக்கு இது ரொம்பப் பெரிய கண்டுபிடிப்பு.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் எங்கள் கழுத்தில் நீல நாடா, துப்புரவு அக்காவுக்குப் பச்சை. ஒருநாள் அவர் காய்ச்சலோடு படிக்கட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். “அவங்க காண்ட்ராக்ட், ஏஜென்சி பாத்துக்கும்” என்றார் ஒருவர். நானும் தலையாட்டிவிட்டு லிஃப்டில் ஏறினேன். நேற்று ராத்திரி முழுக்க அந்தப் பச்சை நாடாதான் கண்ணுக்குள்.