இளசான வெள்ளை ஒயினை எடை போடுவது: மூன்று வருடம் செய்து பார்த்தது

2021 ஆகஸ்டில் ஆரம்பித்தேன். நாசிக் பக்கம் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடக்கும் என்பதால் அந்த வருடத்து வெள்ளை ஒயின் ஆவணிக்குள் கோவைக்கும் வந்துவிட்டது. ஷெனின் பிளாங், சாவிஞான் பிளாங், ரீஸ்லிங் என்று மூன்று திராட்சை ரகத்து ஒயின், ஒவ்வொன்றிலும் நான்கு பாட்டில் வாங்கினேன். ஒன்றை உடனே திறந்து, இது மூன்று வருடம் தாங்குமா என்று நோட்டில் எழுதிவிட வேண்டும், மீதியை இடைவெளி விட்டுத் திறந்து எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

வைக்கிற இடத்திலேயே முதல் அடி விழுந்தது. பரண் மேல் அட்டைப்பெட்டியில் விட்ட ஒரு ஷெனின் அடுத்த சித்திரைக்குள் பழுப்பேறி, நறுக்கி மறந்துவிட்ட ஆப்பிள் மாதிரி வாசம் அடித்தது. அப்புறம் பழைய சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, முட்டை பொரிக்கிற இன்குபேட்டருக்குப் போடுகிற மாதிரி ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரைக் குளிர்விக்கிற பக்கத்துக்கு மாற்றி மாட்டி 13 டிகிரியில் நிறுத்தினேன். கோழிப்பண்ணை ஊர்களில் அந்தச் சாமானுக்குப் பஞ்சமில்லை. இன்று வரை ஓடுகிறது.

முதல் முறை ருசி பார்த்த குறிப்புகளை இப்போது படித்தால் தப்பு எங்கே என்று தெளிவாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் 5 டிகிரியில் சில்லென்று ஊற்றியிருக்கிறேன், அந்தக் குளிரில் வாசம் மேலே எழும்பாது, புளிப்பு மட்டும்தான் துருத்திக்கொண்டு நிற்கும். இப்போது 11, 12 டிகிரியில் ஆரம்பித்து, கிளாஸ் அறைச் சூட்டுக்கு வரும் வரை அரை மணி நேரம் விட்டு விட்டுப் பார்க்கிறேன். கிளாஸ் கழுவுவதும் முக்கியம். எங்கள் வீட்டு போர் உப்புத்தண்ணி, அதில் கழுவினால் வெள்ளைத் திட்டு படிகிறது, வாசமும் மாறுகிறது. கடைசியாக ஒரு முறை சிறுவாணித் தண்ணீரில் அலசிவிட்டால் போதும். வாய் கொப்பளிக்கவும் அதேதான்.

இரண்டாவது தப்பு பெரியது: வாசத்தை நம்பினேன். சாவிஞான் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் கொய்யாப்பழம், அதற்கு மேல் பழுத்த வாழைப்பழம் என்று கும்மென்று வந்தது, பத்துக்கு எட்டு போட்டேன். அந்த வாழைப்பழ வாசம் ஐசோஅமைல் அசிடேட் என்கிற பொருளால் வருவது. குளிரில் மெதுவாக நொதிக்க விடும்போது ஈஸ்ட் அதை உண்டாக்குகிறது, பாட்டிலுக்குள் அது சீக்கிரம் கரைந்துபோய்விடும். பதினாலு மாதம் கழித்து இரண்டாவது பாட்டிலைத் திறந்தால் வாழைப்பழமும் இல்லை, கொய்யாவும் இல்லை, தண்ணீர் விட்ட மாதிரி சப்பென்று இருந்தது. ரீஸ்லிங்குக்கு நான் போட்டது ஐந்து. “புளிப்பு மட்டும்தான், வேறொன்றுமில்லை” என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வரியைப் படிக்கும்போது அம்மாவைப் பெற்ற அம்மிச்சி ஞாபகம் வந்தது. கோபி பக்கம் எங்கள் ஊரில் மாசி, பங்குனியில் புதுப்புளி வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்பு போட்டு வருடத்துக்கும் மொடாவில் அடைப்பார்கள். வாங்கும் முன் அம்மிச்சி ஒரு சுளையைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். “நாக்கு சுருங்கோணும் கண்ணு, தொண்டை காறக் கூடாது” என்று சொல்லும். வாசம் பார்த்து நான் கண்டதே இல்லை. புளியில் இருக்கும் முக்கிய அமிலம் டார்டாரிக், திராட்சையிலும் அதுதான் முக்கியம். சரி என்று புளிக்கரைசலை மூன்று விதமான அடர்த்தியில் நீர்க்கக் கரைத்து வரிசையாக வைத்து, தினமும் காலையில் நாக்கைப் பழக்கினேன். ஒரு மாதத்தில் ஒயினில் இருக்கும் புளிப்பு எங்கே தொடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. வெள்ளை ஒயினில் துவர்ப்பைத் தரும் டானின் குறைவு, அதனால் வருடக்கணக்கில் தாங்கிப் பிடிக்கிற வேலை பெரும்பாலும் புளிப்பின் தலையில்தான் விழுகிறது. தோலை அழுத்திப் பிழிந்ததால் வரும் காறல் வேறு, அது நான் பார்த்த வரைக்கும் வைத்தாலும் போகவில்லை.

இப்போது மூக்குக்கு மார்க் போடுவதில்லை. துப்பிய பிறகு ருசி நிற்கும் வரை மனதுக்குள் விநாடி எண்ணுகிறேன். சாவிஞான் நாலு, ஐந்தில் காணாமல் போகும். ரீஸ்லிங் பதினொன்று வரை வந்தது, கடைசி வரைக்கும் எலுமிச்சைத் தோல் ருசி மாறவில்லை. அப்புறம் மீதி பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்றாம் நாள் மறுபடி பார்க்கிறேன். காற்று பட்டும் தளராமல் நின்றால் அதில் சத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஷெனின் மூன்றாம் நாள் முதல் நாளை விட நன்றாக இருந்தது, இது என்னை உண்மையிலேயே ஆச்சரியப்படுத்தியது. அடியில் கண்ணாடித் தூள் மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் உறைந்த டார்டரேட் உப்புதான் அது.

2024 மார்கழியில் ரீஸ்லிங்கின் மூன்றாவது பாட்டிலைத் திறந்தேன். நிறம் வெளிர் வைக்கோல், வாசத்தில் எலுமிச்சைக்கு அடியில் லேசாக மண்ணெண்ணெய். ரீஸ்லிங் முதிரும்போது வருகிற வாசம் இது, வெயில் அதிகம் பட்ட திராட்சையில் சீக்கிரமே தலைகாட்டும். புளிப்பு அப்படியே நிற்க, அதைச் சுற்றி ஒரு தேன் பதம் வந்திருக்கிறது. ஐந்தை அடித்து எட்டு போட்டேன்.

2023ல் சிட்னியிலிருந்து வந்த மச்சான் அங்கே ஹண்டர் வேலி என்ற பகுதியில் செமியோன் என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். திராட்சையைச் சீக்கிரமே பறித்துவிடுவதால் ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஒன்றைத் திறந்தோம். பச்சை ஓடிய தண்ணீர் நிறம், வாசம் கிட்டத்தட்ட இல்லை. மச்சான் முகம் வாடிவிட்டது, “என்னங்க மாப்ள, ஏமாத்திட்டாங்களா?” என்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினைந்தைத் தாண்டியும் நாக்கின் இரண்டு ஓரமும் ஊறிக்கொண்டே இருந்தது. மரப்பீப்பாயே படாத இந்த ஒயின் பல வருடம் கழித்து வாட்டின ரொட்டி மாதிரி, தேன் மாதிரி வாசம் வீசும். இன்னொரு பாட்டில் கீழ்த்தட்டில் படுத்திருக்கிறது, அதன் மேல் “2030க்கு முன் தொடாதே” என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.